நேரலைத் திருப்பலி யாருக்காக?



2020ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது நம் பங்குக் கோவில்களின் கதவுகளும் அடைபட்டன. குருத்து ஞாயிறும், பெரிய வியாழனும், புனித வெள்ளியும், பாஸ்கா திருவிழிப்பும் அந்த ஆண்டு மக்கள் இல்லாத கோவில்களில் நிறைவேறின. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை இலட்சக்கணக்கானோர் கூடும் வேளாங்கண்ணிப் பெருவிழாகூட அவ்வாண்டு திருப்பயணிகள் இன்றியே நடைபெற்றது. அப்போதுதான் நம் பங்குகள் பலவற்றில் முதன்முறையாக ஒரு கைபேசி, முக்காலியில் பொருத்தப்பட்டு, பீடத்தைப் பார்த்தபடி வைக்கப்பட்டது. பங்கு இளைஞர்கள் அதற்குப் பொறுப்பேற்றார்கள். திருப்பலி நேரலையாக நம் வீடுகளுக்கு வந்தது.

கதவுகள் திறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. சில பங்குகளில் அந்த முக்காலி சக்ரிஸ்தியின் மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. வேறு சில பங்குகளில் நேரலை இன்றும் தொடர்கிறது. தொடரும் இடங்களில் எழும் குறை ஒன்று: நடந்து வரக்கூடியவர்களும் வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பூசை கண்டாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள்; ஆகவே இதை நிறுத்திவிடுவதே நல்லது. நிறுத்திய இடங்களில் எழும் குறை வேறு: நான்கு ஆண்டுகளாகப் படுக்கையில் கிடக்கும் எங்கள் அம்மாவுக்கு இருந்த ஒரே ஆறுதலையும் எடுத்துவிட்டீர்களே. இரு குறைகளிலும் நியாயம் இருக்கிறது. பங்குப் பேரவைக் கூட்டங்களில் இப்பொருள் வரும்போது பேச்சு பெரும்பாலும் கேமராவின் விலையிலும் இணைய இணைப்பின் வேகத்திலும் போய் நின்றுவிடுகிறது. நேரலை யாருக்காக, அவர்களுக்கு நாம் வேறு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதைப் பற்றி நாம் இங்கே சற்று சிந்திக்க விரும்புகிறோம்.

இக்கேள்விக்குத் திருச்சபை ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது. 1998ஆம் ஆண்டு மே 31 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 'ஆண்டவரின் நாள்' என்னும் திருத்தூது மடலை வெளியிட்டார். யூடியூப் தோன்றுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட மடல் அது. அதன் 54ஆம் பத்தியில் வானொலி, தொலைக்காட்சி வழியாக ஒலி, ஒளிபரப்பாகும் திருப்பலிகளைப் பற்றித் திருத்தந்தை பேசுகிறார். அவர் சொல்வதன் சாரம் மூன்று கருத்துகள். ஓரிடத்தில் கூடும் சகோதரக் கூட்டத்தில் பங்கேற்பதே ஞாயிறு கடன் என்பதால், ஒளிபரப்பைக் காண்பது அக்கடனை நிறைவேற்றுவதாகாது. நோயினாலோ வேறு தக்க காரணத்தினாலோ வர இயலாதவர்கள் அக்கடனிலிருந்து விடுபட்டவர்கள். அவர்களுக்கு இந்த ஒளிபரப்பு மிக அருமையான உதவி. மூன்றாவது கருத்தைத்தான் நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நற்கருணை வழங்கும் சிறப்புப் பணியாளர்கள் நோயாளரின் வீட்டிற்கு நற்கருணையை ஏந்திச் சென்று, முழுச் சமூகத்தின் வாழ்த்தையும் உடனிருப்பையும் அவரிடம் சேர்க்கும்போது அந்த உதவி இன்னும் சிறக்கிறது என்கிறார் திருத்தந்தை. அதாவது திருச்சபையின் எண்ணத்தில் திரையும் வீட்டு வாசலில் வந்து நிற்கும் மனிதரும் சேர்ந்தே இருக்கிறார்கள். நாமோ திரையை மட்டும் அனுப்பிவிட்டு, பணி முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

கடன் யாருக்கு?

'டி.வி.யில் பூசை பார்த்தால் ஞாயிறு கடன் தீருமா?' என்று நம்மில் பலர் கேட்கிறோம். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து இதற்குப் பதில் மாறுகிறது. நலமாக இருந்து, கோவிலும் அருகில் இருந்து, சோம்பலினால் வராதவருக்குப் பதில்: தீராது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1247, 1248ஆம் எண்கள் ஞாயிறுகளிலும் கடன் திருநாள்களிலும் திருப்பலியில் பங்கேற்க வேண்டும் என்று கேட்கின்றன. அன்றோ, அதற்கு முந்தைய நாள் மாலையோ பங்கேற்கலாம் என்ற சலுகையும் அங்கேதான் இருக்கிறது. பார்ப்பதும் பங்கேற்பதும் ஒன்றாகா. 1957ஆம் ஆண்டு செப்டம்பர் 8 அன்று வெளியான சுற்றுமடலில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரும் இதையே சொன்னார். தொலைக்காட்சி பல நாடுகளில் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது.

ஆனால் நோயுற்றவர் கேட்டால், 'உங்களுக்குக் கடனே இல்லை' என்பதே பதில். இதை நாம் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை என்றே தோன்றுகிறது. 'ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகலையே, பாவமாச்சே' என்று மனம் புழுங்கும் முதியவர்கள் நம் ஒவ்வோர் அன்பியத்திலும் இருக்கிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குச் செல்வதே பெரும்பாடாக இருப்பவர்கள்கூட, அடுத்த முறை குருவானவர் வந்ததும் அதை ஒப்புரவில் சொல்லக் காத்திருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2181) நோயையும், கைக்குழந்தைகளைப் பராமரிக்கும் பொறுப்பையும் தக்க காரணங்களாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே படுத்த படுக்கையாக இருப்பவரும், பச்சிளம் குழந்தையை விட்டு நகர முடியாத தாயும் கடனைத் தீர்ப்பதற்காக நேரலையைப் பார்ப்பதில்லை. தம் சமூகத்தின் செபத்தோடு சேர்ந்திருக்க வேண்டும் என்ற ஆவலினால் பார்க்கிறார்கள். கடமை ஏதும் இல்லாத நிலையிலும் தாமாகத் தேடி வரும் அந்த ஆவலுக்கு நம் பங்கு தரும் மறுமொழி என்ன?

வர இயலாதவர்களை மனத்தில் கொள்வது கேமராவோடு தொடங்கிய வழக்கமும் அன்று. கி.பி. 150களில் உரோமையில் எழுதிய புனித யுஸ்தீன், கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாடு எப்படி நடைபெறும் என்று அரசருக்கு விளக்குகிறார். வாசகங்கள், மறையுரை, மன்றாட்டு, அப்பமும் இரசமும் காணிக்கையாக்கப்படுதல், எல்லாரும் பகிர்ந்துகொள்ளுதல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அங்கு இல்லாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் வழியாக அது கொடுத்தனுப்பப்படுகிறது என்பதையும் மறவாமல் சேர்த்துக்கொள்கிறார். நம்மிடம் உள்ள திருப்பலி விவரிப்புகளுள் மிகப் பழமையானவற்றில் ஒன்றில் இச்செய்தி இடம்பெற்றிருக்கிறது. கோவில் என்ற கட்டடமே இல்லாத காலம். விசுவாசம் உயிருக்கு ஆபத்தாக இருந்த காலம். அப்போதும் வராதவருக்குரிய பங்கு அவர் வீடு தேடிச் சென்றது.

திருத்தூதர்களின் மடல்களையும் இக்கண்ணோட்டத்தில் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அக்காலத்தின் தொடர்புச் சாதனம் மடல்தான். புனித பவுல் அதைப் பயன்படுத்திய அளவுக்கு வேறு யாரும் பயன்படுத்தியதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் உரோமைக் கிறிஸ்தவர்களுக்கு எழுதும்போது, அவர்களைக் காண ஏங்குவதாகவே தொடங்குகிறார் (உரோ 1:11). தெசலோனிக்கரின் முகத்தைக் காண அல்லும் பகலும் மன்றாடுவதாக எழுதுகிறார் (1 தெச 3:10). புனித யோவானோ, எழுதுவதற்கு நிறைய இருந்தும் தாளிலும் மையிலும் எழுத விரும்பவில்லை, நேரில் வந்து பேசவே விரும்புகிறேன் என்று தம் சிறிய மடலை முடித்துக்கொள்கிறார் (2 யோவா 12). அவர்கள் மடலைக் குறைவாக மதிப்பிட்டதாக நாம் எண்ண வேண்டியதில்லை. வர முடியாதவரை எழுதினார்கள். வர முடிந்தபோது வந்தார்கள்.

புனித கிளாராவின் சுவர்

தொலைக்காட்சிக்குப் பாதுகாவலர் யார் என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் விழிப்பார்கள். அசிசி நகர் புனித கிளாராதான் அவர். 1253இல் இறந்த ஒரு துறவிக்கும் தொலைக்காட்சிக்கும் என்ன தொடர்பு? ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில் கிளாரா நோயுற்றுப் படுத்திருந்தார். சகோதரிகள் எல்லாரும் செபத்திற்குச் சென்றுவிட, அவர் மட்டும் தனித்திருந்தார். அப்போது தொலைவில் புனித பிரான்சிசின் கோவிலில் நடைபெற்ற வழிபாட்டைத் தம் அறையிலிருந்தபடியே கண்டார், கேட்டார் என்பது மரபு. இதை நினைவில் கொண்டே 1958இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார்.

இந்த வரலாற்றின் இன்னொரு வடிவம், புனித பிரான்சிசைப் பற்றிய 'சிறுமலர்கள்' என்னும் பழைய நூலில் இருக்கிறது. அதில் கிளாரா காண்பதோடு நின்றுவிடுவதில்லை. வியத்தகு முறையில் கோவிலுக்கே கொண்டுசெல்லப்பட்டு, நள்ளிரவுத் திருப்பலியில் பங்கேற்று, நற்கருணையும் உட்கொண்டு, மீண்டும் தம் படுக்கைக்குத் திரும்புகிறார். கதையைச் சொன்ன அக்கால மக்களுக்கு, நோயுற்றவர் பார்த்தார் என்று மட்டும் சொல்லி முடிக்க மனம் வரவில்லை போலும்!

திருப்பலி முதன்முதலில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது 1948ஆம் ஆண்டு டிசம்பர் 24 நள்ளிரவில், பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்திலிருந்து. அதையொட்டி இறையியலாளர்களிடையே எழுந்த விவாதம் இன்று நமக்குச் சற்று வியப்பாக இருக்கும். கார்ல் ரானர் போன்ற பெரும் இறையியலாளர்களே, விசுவாசத்தின் மறைபொருளை எல்லாருடைய பார்வைக்கும் வைப்பது தகுமா என்று கேட்டு 1950களில் எதிர்த்து எழுதினார்கள். அவர்களுடைய அச்சம் அப்படியே நிறைவேறவில்லை. ஆனாலும் சோறு உண்டபடியே, இடையிடையே வேறு செய்திகளைப் புரட்டிக்கொண்டே எழுந்தேற்றத்தைப் பார்க்கும் வழக்கம் இன்று எத்தனை வீடுகளில் உள்ளது என்று எண்ணும்போது, அவர்களை முழுவதும் ஒதுக்கிவிடவும் முடியவில்லை.

எதிர்ப்பு இருந்தபோதும் திருச்சபை இச்சாதனங்களை ஏற்றுக்கொண்டது. 1931 பிப்ரவரி 12 அன்று மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தொடங்கி வைத்தார். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி விதித்தொகுப்பையே வெளியிட்டது. ஆசிய மக்களுக்காக மணிலாவில் 1969இல் தொடங்கப்பட்ட வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியைச் சிற்றலையில் தேடிப் பிடித்துக் கேட்டவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2018இல் நின்று, பணி இணையத்திற்கு மாறியது. அந்நாள்களில் நேயர்கள் கடிதம் எழுதுவார்கள். வானொலியில் அது வாசிக்கப்படும். தம் பெயரை அலைவரிசையில் கேட்ட நேயர் அடுத்த கடிதத்தை எழுதத் தொடங்கிவிடுவார். கேட்பவர் இன்னார் என்று வானொலிக்குத் தெரிந்திருந்தது. நம் பங்கு நேரலையின் அடியில் தெரியும் பார்வையாளர் எண்ணிக்கைக்கு அந்தப் பேறு இல்லை. நாற்பது பேர் பார்த்தார்கள் என்று அது சொல்லும். அவர்களுள் தெற்குத் தெருவில் பக்கவாதத்தால் விழுந்து கிடப்பவர் இருந்தாரா என்று சொல்லாது.

திருத்தந்தையும் நிறுத்தினார்

பெருந்தொற்றுக் காலத்தில் நேரலையைத் தொடங்கியவர்கள் எல்லாருக்கும் முன்மாதிரியாக இருந்தவர் திருத்தந்தை பிரான்சிஸ். 2020 மார்ச் 9 முதல் சாந்தா மார்த்தா இல்லச் சிற்றாலயத்தில் அவர் நிறைவேற்றிய காலைத் திருப்பலி நாள்தோறும் நேரலையாக வந்தது. மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த, ஆளற்ற புனித பேதுரு சதுக்கத்தில் அவர் தனியாக நின்று செபித்த காட்சியை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆனால் ஏப்ரல் 17 அன்று அவர் ஆற்றிய மறையுரையை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். உயிர்த்த ஆண்டவர் ஏரிக்கரையில் சீடர்களுக்கு உணவு சமைத்து அளித்த பகுதி அன்றைய நற்செய்தி. ஆண்டவரோடு நமக்குள்ள நெருக்கம் எப்போதும் சமூகத்தோடும், திருவருட்சாதனங்களோடும், இறைமக்களோடும் சேர்ந்தது; அவை இல்லாத நெருக்கம் ஆபத்தானது என்று அவர் எச்சரித்தார். ஆளற்ற பேராலயத்தில் உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியை நிறைவேற்ற இருந்தபோது ஓர் ஆயர் தம்மைக் கடிந்துகொண்டதையும், முதலில் அது தமக்குப் புரியாமல் பிறகே புரிந்ததையும் வெளிப்படையாகச் சொன்னார். இப்போதைய நிலை ஒரு சுரங்கப்பாதை போன்றது, அதிலேயே தங்கிவிடலாகாது என்பது அவருடைய கருத்து.

மே 18 அன்று, இத்தாலியில் கோவில்கள் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட நாளில், அந்த நாளாந்த நேரலையைத் திருத்தந்தை முடித்துக்கொண்டார். மக்கள் தத்தம் சமூகங்களுக்குத் திரும்ப வேண்டும் என்பதே நோக்கம். அதே ஆண்டு ஆகஸ்டு 15 என நாளிட்டு, வழிபாட்டுப் பேராயம் உலக ஆயர்களுக்கு எழுதிய மடலும், எந்த ஒளிபரப்பும் நேரில் பங்கேற்பதற்கு ஈடாகாது என்று நினைவூட்டியது. நோயுற்றோருக்கு ஒளிபரப்பு ஆற்றும் நற்பணியை அம்மடல் மறுக்கவில்லை.

அப்படியானால் நம் பங்குகளும் நிறுத்திவிட வேண்டுமா? நாம் அப்படி எண்ணவில்லை. திருத்தந்தையின் காலைத் திருப்பலி உலகம் முழுவதற்கும் சென்றது. அதைக் கண்ட இலட்சக்கணக்கானோருள் ஒருவர் வீட்டுக்கும் அவரால் செல்ல முடியாது. பங்கின் நிலை வேறு. நேரலையைக் காணும் நோயாளர் நான்கு தெரு தள்ளி இருக்கிறார். பங்குத்தந்தைக்கு அவர் வீடு தெரியும். உபதேசியாருக்கு அவர் பேரப்பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியும். ஆகவே பங்கு நேரலைக்கு ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது, அதனாலேயே ஒரு தனிப் பொறுப்பும் வருகிறது. வேறு எங்கோ பேராலயத்திலிருந்து அழகாக ஒளிபரப்பாகும் திருப்பலி பல இருக்க, நம் சிறிய கோவிலின் மங்கலான காட்சியை அவர் ஏன் விரும்பிப் பார்க்கிறார்? தாம் மணமுடித்த பீடம் அது. முன்வரிசையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இனி நடைமுறைக்கு வருவோம். வீடுகளில் நாம் காணும் நிலை ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்கள் பலவற்றில் நல்ல கைபேசி மகனிடமோ மருமகளிடமோதான் இருக்கிறது. ஞாயிறு காலை குடும்பம் முழுவதும் எட்டு மணித் திருப்பலிக்குப் புறப்படுகிறது. கைபேசியும் அவர்கள் சட்டைப்பையில் கோவிலுக்கு வந்துவிடுகிறது. நேரலை ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் பாட்டி வீட்டில் வெறும் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். நேரலையை யாருக்காகத் தொடங்கினோமோ அவரை அது சென்றடையவே இல்லை! இதற்கு விலையுயர்ந்த கேமரா எதுவும் உதவாது. முதல் திருப்பலியை நேரலை செய்து, குடும்பத்தினர் இரண்டாம் திருப்பலிக்குச் செல்லலாம். ஒருவர் பாட்டியின் அருகில் அமர்ந்து மறுமொழிகளைச் சேர்ந்து சொல்லலாம். தனியாக வாழும் முதியவர் என்றால், கோவிலில் கேமராவைக் கவனிக்கும் இளைஞரைப் போலவே, அவர் வீட்டில் கைபேசியைத் திறந்து வைக்கவும் ஓர் இளைஞர் வேண்டும். வாரந்தோறும் இருவர் இருவராக வீடு சந்திக்கும் மரியாயின் சேனையினர், வின்சென்ட் தே பவுல் சபையினர் ஆகியோரிடம் கேட்டால் எந்த வீட்டில் இந்த உதவி வேண்டும் என்று அன்றே சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது ஒலி. நம் பங்குகள் படத்திற்குச் செலவிடும் அளவுக்கு ஒலிக்குச் செலவிடுவதில்லை. பார்வை மங்கியவர்களுக்கும் காது மந்தமானவர்களுக்கும்தான் இந்தப் பணி. கோவிலின் பின்னால் வைத்த கைபேசி மின்விசிறியின் இரைச்சலையும் எதிரொலியையுமே அதிகம் பிடிக்கிறது. ஒலிபெருக்கிச் சாதனத்திலிருந்து நேராகக் கம்பி வழியாகக் கைபேசிக்கு ஒலியைக் கொடுத்தாலே வாசகமும் மறையுரையும் தெளிவாகக் கேட்கும். செலவும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கேமரா பீடத்தையும் வாசக மேடையையும் பார்த்து அசையாமல் இருந்தால் போதும். நற்கருணை வாங்க வருவோரின் முகங்களை அருகில் காட்டுவதைத் தவிர்க்க வேண்டும். பிள்ளைகளைக் காட்டுவதென்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

நேரலை நேரலையாகவே இருக்கட்டும். 2020 மார்ச்சில் புனித வாரக் கொண்டாட்டங்களுக்கு வழிகாட்டிய வழிபாட்டுப் பேராயம், பதிவுசெய்து பிறகு காட்டுவதை விட்டு, நேரடி ஒளிபரப்பையே பரிந்துரைத்தது. இதோ இந்த நொடியில் என் பங்கு மக்கள் செபிக்கிறார்கள், நானும் அவர்களோடு செபிக்கிறேன் என்ற உணர்வு பதிவில் கிடைப்பதில்லை. (இணையத்தில் வரும் ஒளிபரப்பு சில நொடிகள் பின்தங்கித்தான் வரும். வீட்டில் 'ஆமென்' சொல்லும்போது கோவிலில் அடுத்த செபம் தொடங்கியிருக்கும். ஆண்டவர் அதைக் கணக்கில் கொள்ள மாட்டார்!) தொடக்கத்தில் அருள்பணியாளர், வீடுகளிலிருந்து இணைந்திருக்கும் நோயாளர்களை ஒரு வாக்கியத்தில் வாழ்த்தினால், அவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகத் தம்மை உணர மாட்டார்கள். பொது மன்றாட்டில் அவர்களுக்காக ஒரு மன்றாட்டு. அதைவிட நல்லது, அவர்களே சொல்லி அனுப்பிய ஒரு மன்றாட்டு. படுக்கையில் இருப்பவருக்கும் பங்குக்காகச் செபிக்கும் பணி உண்டல்லவா?

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றியும் ஒரு சொல். இரத்தம் தேவை என்றும், அடக்கத் திருப்பலி நேரம் என்றும் நொடியில் தெரிவிக்க அவை பேருதவி. ஆனால் ஒருவரின் நோயின் பெயரையும் மருத்துவமனைப் படத்தையும் அவர் அனுமதி இன்றி நூற்றுக்கணக்கானோருக்கு அனுப்புவது அன்பாகாது. 'நம் அன்பியச் சகோதரர் ஒருவருக்காகச் செபிப்போம்' என்று எழுதினாலே நம் செபம் போதிய அளவு துல்லியமாகச் சென்று சேரும்.

வெளிநாடுகளில் பணிபுரியும் நம் மக்களும் ஊர்க் கோவிலின் கொடியேற்றத்தையும் தேர்பவனியையும் நேரலையில் கண்டு மகிழ்கிறார்கள். கோவில் உள்ள நாடுகளில் அவர்கள் அங்குள்ள பங்கைத் தேடிச் செல்ல நாம் ஊக்கப்படுத்த வேண்டும். சவுதி அரேபியா போன்று கோவில் அமைக்க வழியில்லாத நாட்டில் இருப்பவருக்கோ ஊர் நேரலை உண்மையிலேயே பெரும் ஆறுதல். அத்தகையோரின் பெயரையும் இருப்பிடத்தையும் நேரலையில் அறிவிக்காமல் இருப்பது நாம் அவர்களுக்குச் செய்யும் உதவி.

திரை எதுவரை செல்லும் என்பதில் நமக்குக் குழப்பம் வேண்டாம். திருவருட்சாதனங்கள் இணையத்தில் இல்லை என்று 2002 பிப்ரவரி 22 அன்று வெளியான 'திருச்சபையும் இணையமும்' என்னும் ஏடு தெளிவாகச் சொன்னது. நோயில்பூசுதலுக்கு எண்ணெயும், தொடும் கையும் வேண்டும். ஒப்புரவுக்கு அருள்பணியாளர் அருகில் இருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்க அமைப்பு, கேள்விகளுக்கு விடையளிக்க அருள்பணியாளர் உருவத்தில் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியை வெளியிட்டது. அது பாவமன்னிப்பும் வழங்கத் தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. சில நாள்களிலேயே அதன் குருத்துவ உடையைக் கழற்றிப் பொதுநிலையினராக்கிவிட்டார்கள். சிரிப்பு வரலாம். ஆனால் மாதக்கணக்கில் யாரும் வந்து பார்க்காத ஒருவர், தம்மோடு பேசும் கருவியிடம் மனத்தைத் திறந்தால் அவரை மட்டும் குறைசொல்ல நமக்கு மனம் வருமா?

முடக்குவாதமுற்றவரை ஆண்டவரிடம் கொண்டுவந்த நால்வரை நினைத்துப் பார்ப்போம் (மாற் 2:1-12). கூட்டத்தினால் உள்ளே வர முடியவில்லை. உள்ளே நடப்பதை வந்து அவருக்கு எடுத்துச் சொல்வது எளிதாக இருந்திருக்கும். அவர்கள் கூரையைப் பிரித்தார்கள். நம் பங்கிலும் அப்படிப்பட்ட நால்வர் போதும். 1973 ஜனவரி 29 அன்று வெளியான உரோமை அறிவுறுத்தலின் வழியாகப் பொதுநிலையினரும் நற்கருணை வழங்கும் சிறப்புப் பணியாளராக நியமிக்கப்பட வழி திறந்தது. முதல் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பங்குத்தந்தை ஒருவரே எல்லா வீடுகளுக்கும் ஓடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அன்பிய வாரியாக, வர இயலாதோரின் பட்டியல் ஒன்றை எடுத்தால் போதும். ஓர் அன்பியத்திற்கு மூவரோ நால்வரோதான் இருப்பார்கள். பிப்ரவரி 11, உலக நோயாளர் நாள், அதைத் தொடங்க நல்ல நாள்.

ஞாயிறு திருப்பலியின் முடிவில் பணியாளர்களைப் பீடத்தின் முன் அழைத்து, நற்கருணைச் சிமிழைக் கையில் கொடுத்து அனுப்பலாம். அதையும் கேமரா காட்டட்டும். அதைத் திரையில் காணும் நோயாளர், இன்று நம் வீட்டுக்கு வருகிறார்கள் என்று அறிந்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் மெழுகுதிரியும் வைக்கச் சொல்வார். காலை உணவு உண்டுவிட்டோமே என்று அவர் தயங்கத் தேவையில்லை. முதியோருக்கும் நோயாளருக்கும் ஒரு மணிநேர நோன்பிலிருந்து திருச்சபைச் சட்டம் (எண் 919) விலக்கு அளிக்கிறது. அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் அதே விலக்கு உண்டு. ஆகவே சிமிழில் எத்தனை அப்பம் வைப்பது என்று கணக்கிடும்போது, படுக்கையில் இருப்பவரோடு, அவரை விட்டு அகல முடியாமல் அந்த ஞாயிறு வீட்டிலேயே இருந்துவிட்ட மகளையும் சேர்த்து எண்ண வேண்டும்.